மேலே போகும் பொத்தான்

செம்பூரில் இறங்கி, மேற்கு மண்டலப் பழந்தாள் கணினியேற்ற வாரியம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஆட்டோக்காரர்கள் உங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு சவாரி தேடிப் போய்விடுவார்கள். 'லிப்ட்டுக்குள்ளே ஸ்டூல் போட்டு ஆள் உட்கார்ந்திருக்கிற ஆபீஸ்' என்று கேட்க வேண்டும். உடனே கொண்டுபோய் வாசலில் இறக்கிவிடுவார்கள். கட்டடம் மூன்றே மாடி. லிப்ட்டில் பொத்தான்கள் இருக்கின்றன, பளபளவென்று, எண் போட்டு. ஆனால் அவற்றை அமுக்கும் உரிமை லிப்ட்மேன் மரியசூசைக்கு மட்டும்தான். அவர் சாப்பிடப் போனால் அதிகாரிகள் கீழே நின்று அவர் கை கழுவி வரும்வரை காத்திருப்பார்கள். ஒருமுறை புதிதாக வந்த ஓர் இளம் அதிகாரி தானே விரலை நீட்டிப் பொத்தானை அமுக்கி மேலே போய்விட்டார். அவரைப் பிறகு நாக்பூருக்கு மாற்றினார்கள். அதற்குக் காரணம் வேறு என்றார்கள். இருக்கலாம்.

வாரியத்தின் வேலை என்னவென்றால், ஐம்பது அறுபது வருடங்களுக்கு முன்னால் பம்பாய்வாசிகள் தண்ணீர்க் குழாய் கேட்டு எழுதிப்போட்ட விண்ணப்பங்களை மூட்டையிலிருந்து எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. பெயர் ஒரு கட்டம், சால் என்கிற வரிசைவீட்டின் பெயர் ஒரு கட்டம், வார்டு ஒரு கட்டம், ஏன் தண்ணீர் வேண்டும் என்பதற்கு ஒரு கட்டம். விண்ணப்பித்தவர்களில் பாதிப் பேர் தாகமே எடுக்காத இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மீதிப் பேருக்கு எப்படியோ குழாய் வந்துவிட்டது, அல்லது இன்னும் வரவில்லை. இவற்றை ஏற்றி என்ன செய்யப் போகிறோம் என்று வாரியத்தில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்று எல்லோருக்கும் தெரியும். முதலில் போவது வாரியத்தின் வேலைதான்.

இரண்டாம் மாடி ஹாலில் ஜன்னலோரம் மூன்றாவது மேஜை ரெபேக்காவுடையது. தாராவிக்காரி, பூர்வீகம் நாசரேத் பக்கம். ஒப்பந்த ஊழியர். மார்ச் மாதம் வந்தால் இன்னொரு வருடம் நீட்டிப்பார்கள், அல்லது நீட்ட மாட்டார்கள். வீட்டுக்காரர் ஜாபெஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த தோல்பை வொர்க்‌ஷாப் மூடிக் கிடந்ததால் வீட்டில் அடுப்பு எரிவது இந்த மார்ச்சை நம்பித்தான். அப்படிப்பட்ட நேரம் பார்த்து, மழைக்காலத்தில் குர்லா ஸ்டேஷன் பாலத்தில் ஹார்பர் லைனுக்கு ஓடியபோது கூட்டம் தள்ளிவிட்டு வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. நேராக வைத்து டைப் அடித்தால் ஒன்றும் இல்லை. கையை வெளிப்பக்கமாக நகர்த்தித் திருப்பினால் மட்டும் தோள்வரை சுளீரென்று இழுக்கும். மௌஸைத் தொட்டால் இன்னும் மோசம்.

கட்டத்துக்குக் கட்டம் தாவுகிற வேலையில் கை எந்நேரமும் போக வேண்டிய இடம் அந்த வெளிப்பக்கம்தான். கீபோர்டின் வலது கீழ் மூலை. அம்புக்குறிகள் நான்கு.

அதிலும் ஒரு விசேஷம். தசராவுக்கு முந்தின நாள் வாரியத்தில் கம்ப்யூட்டர்களுக்குப் பூஜை. மற்ற ஆபீஸ்களில் மானிட்டருக்கு ஒரு சாமந்தி மாலையைப் போட்டு, ஓரமாகப் பொட்டு வைத்து, பேடா கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இங்கே துணை இயக்குநர் பஞ்சாபகேசன் இருந்தார். மாட்டுங்காவில் பிறந்து, மாட்டுங்காவில் படித்து, மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்கு வருவதையே வெளியூர்ப் பயணமாக நினைக்கிறவர். சந்தனமும் குங்குமமும் தன் கையாலேயே வாங்கிவந்து, பன்னீர் விட்டு ஒரு வாளியில் கரைத்து, ஒவ்வொரு கீபோர்டுக்கும் தானே கட்டைவிரலால் இடுவார். எங்கே இடுவது என்பதிலும் அவருக்கு ஒரு தத்துவம் உண்டு. "மேலே போற பொத்தான்லதாண்டி இடணும், அதுதான் அபிவிருத்தி" என்று சொல்லி அம்புக்குறிமேல் அப்புவார். கூடவே நாலு அட்சதை. சாமியை யாரும் குறை சொல்ல முடியாது. சாமி வாளி கேட்கவில்லை. சாமந்தி வாடுவதற்குள் ஹாலில் இருந்த அத்தனை கீபோர்டுகளிலும் அம்புக்குறிகள் கெட்டித்துப் போயின. கீழே போகும் பொத்தானை ஓங்கிக் குத்தினால் ஒருமுறை போகும். மேலே போகும் பொத்தான் அடியோடு இறுகிவிட்டது. வாரியத்தில் அந்த வருடம் யாராலும் மேலே போக முடியவில்லை.

ரெபேக்கா கீழ்த்தளத்து ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் சாவந்த் நல்ல மனிதர். ஸ்டோரிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வெளியே விடமாட்டார், அது ஒன்றுதான் குறை. அவர் முதுகுக்குப் பின்னால் புதுக் கீபோர்டுகள் பிளாஸ்டிக் உறையோடு கூரைவரை அடுக்கியிருந்தன.

"அரே மேடம், ஏ-ஸே இஸட் தக் சல்தா ஹை நா?" என்றார் சாவந்த், ஏ முதல் இஸட்வரை எல்லாம் வேலை செய்கிறதல்லவா என்கிற அர்த்தத்தில்.

"சல்தா ஹை சார். ஏரோதான்…"

"ஃபிர் கீபோர்டு ஜிந்தா ஹை."

உயிரோடிருக்கும் கீபோர்டுக்குப் பதில் கீபோர்டு கிடையாது. எல்லாப் பொத்தானும் செத்தால்தான் செத்ததாகக் கணக்கு. வீட்டிலிருந்து சொந்தமாக ஒன்று கொண்டுவரலாமா என்று கேட்டாள். கொண்டுவரலாம், வாசலில் வாங்கி ஸ்டோரில் வைத்துவிடுவோம் என்றார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை.

அன்று சாயங்காலம் தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஆஷிக்கின் கம்ப்யூட்டர் கடை முன்னால் நின்று அவள் புலம்பித் தீர்த்தாள். ஆஷிக் யாருடைய லேப்டாப்பின் வயிற்றையோ திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுக்குப் போயி எதுக்கு டென்ஷன்? கையத் தூக்காமலே வேல பாக்கலாம். கேப்ஸ் லாக்குன்னு எடப்பக்கம் ஒண்ணு கெடக்குல்லா, அத என்னைக்காவது அமுக்கிருக்கீயளா?"

"தெரியாம கை பட்டா எல்லாம் பெரிய எழுத்தா வரும். அப்பத்தான் அப்படி ஒண்ணு இருக்கதே ஞாபகம் வரும்."

"அம்புட்டுதான். சும்மா உக்காந்து சம்பளம் வாங்குற பய. அவனுக்கு ஒரு வேலயக் குடுப்போம். சுண்டு வெரலால அவன அமுக்கிப் புடிச்சிக்கிட்டு ஐ-யத் தட்டுனா மேல, கே-யத் தட்டுனா கீழ, ஜே எடது, எல் வலது. விட்டுட்டியன்னா பழையபடி எழுத்துதான்."

"எக்ஸெல்ல மட்டுமா?"

"பூரா கம்ப்யூட்டர்லயும். மெயிலு, பிரவுசரு, நீங்க எங்க போனாலும் கூடயே வரும். சின்ன புரோகிராம்தான், மெயில்ல அனுப்புதேன், ரெண்டு தட்டு தட்டுங்க."

மறுநாள் ரெபேக்கா ரெண்டு தட்டுத் தட்டினாள். முதல் நாள் விரல் குழம்பியது. ஒரு வாரத்தில் கை தானாகப் பழகிவிட்டது. வலது கை அதன் இடத்திலேயே இருந்தது, கட்டங்கள்தான் அதனிடம் வந்தன. வலி இறங்கியதோடு வேலையும் ஓடியது. டிசம்பரில் ஹாலிலேயே அதிகமாகக் குழாய் ஏற்றியவள் அவள்தான். பக்கத்து மேஜை அஸ்ரின், "ஏய், நீ மட்டும் எப்படிடி மேல போற?" என்று கேட்டாள். ரெபேக்கா சிரித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் ஜனவரிவரை தங்கியது.

ஜனவரியில் ஒருநாள் பஞ்சாபகேசனுடைய கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அவசரமாக ஓர் ஆணை அடிக்க வேண்டும் என்று ஹாலுக்கு வந்தவர் ரெபேக்காவின் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆணைகளை எப்போதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிப்பார். சின்ன எழுத்தில் வரும் ஆணையை ஜனங்கள் மதிக்க மாட்டார்கள் என்பது அவர் அனுபவம். கேப்ஸ் லாக்கை ஒருதரம் தட்டிவிட்டு நம்பிவிடுகிற ஆளும் அல்ல. ஆணை முடியும்வரை இடது கட்டைவிரலால் அதை அமுக்கியே பிடித்திருப்பார். வாரியத்தின் எல்லா ஆணைகளும் ஒரே ஃபைலில் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. கடைசி ஆணையின் அடியில் கர்சரை வைத்து, கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பிடித்து, ஒற்றை விரலால் 'இதனால் சகலருக்கும்' என்பதற்கான ஆங்கிலத்தை ஆரம்பித்தார்.

ஒவ்வோர் 'ஐ'-க்கும் கர்சர் ஒரு வரி மேலே ஏறியது. மற்ற எழுத்துகள் சின்னதாக, அது போகிற இடத்திலெல்லாம் உதிர்ந்தன. புது ஆணை போன மாதத்துக் குடிதண்ணீர் ஆணைக்குள் நுழைந்து, அதையும் தாண்டி ஒரு பழைய கேன்டீன் ஆணைக்குள் போய் நின்றது.

"என்னடீ இது!" என்றார் பஞ்சாபகேசன். "நான் ஆர்டர் போடறேன், அது பின்னாலே போயிண்டிருக்கே!"

ரெபேக்கா எழுந்து நின்று, கை ஒடிந்ததிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வாரியத்தில் நம்பத்தகாத மென்பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து ஏற்றியது தப்பு என்று அவர் சொல்லியிருந்தால் அதில் நியாயம் இருந்திருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை.

"அம்புக்குறி எங்கே இருக்கணும்? வலது மூலையிலே. இப்போ எங்கே இருக்கு? நட்ட நடுவிலே. வாரியத்தோட சொத்தை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தியிருக்கே. கேட் பாஸ் எங்கே?"

"எதையும் நகர்த்தல சார். அது அங்கனயேதான் இருக்கு."

"அப்போ இங்கே இருக்கறது?"

"இங்கயும் இருக்கு சார்."

இதைவிட மோசமான பதிலை அவள் சொல்லியிருக்க முடியாது. சாவந்தை மேலே வரவழைத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கீபோர்டைப் பொத்தான் பொத்தானாக எண்ணினார். ஒன்றும் குறையவில்லை. அவர் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டோர் உலகத்தில் சாமான் குறைந்தால் பெரிய பாவமில்லை. எலி தின்றது, பழையது உடைந்தது என்று எழுதி மூடிவிடலாம். கூடினால்தான் விபரீதம். வாங்காத பொருள் வந்தது எப்படி? நான்கு அம்புக்குறி வாங்கிய இடத்தில் எட்டு இருந்தால் மிச்சம் நான்குக்கு யார் பதில் சொல்வது?

"மேடம், ஏ எக்ஸ்ட்ரா சார் ஏரோ கஹாங் ஸே லாயா?" என்று அழாக்குறையாகக் கேட்டார் சாவந்த். மிச்ச நான்கு அம்புகளை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்பதுதான் கேள்வி. மறுநாள் ரெபேக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. விசாரணை முடியும்வரை ஒப்பந்த நீட்டிப்பு நிறுத்திவைக்கப்படுகிறது என்று அடியில் ஒரு வரி. பெரிய எழுத்தில்.

ஜாபெஸ் அதை இரண்டுமுறை படித்தான்.

"போயி மன்னிப்பு கேட்டுட்டு வந்துரு."

"எதுக்குன்னு கேக்க?"

"அத அவுகளே சொல்லுவாவ. நீ மொதல்ல கேளு."

ரெபேக்கா அன்றைக்குத்தான் முதல்முறையாக அழுதாள். கை வலிக்காமல் வேலை செய்ததைத் தவிர அவள் ஒன்றுமே செய்யவில்லை. அதுதான் குற்றம் என்றால் அதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். இயக்குநர் தாம்லே, பஞ்சாபகேசன், சாவந்த். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தாய்மொழியில் விளக்கப்பட்டது என்று பதிவு செய்ய வேண்டியிருந்ததால் பஞ்சாபகேசன் தமிழில் பேசினார். அவருக்குத் தமிழில் பேச ஆபீஸில் வேறு சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. வெகுநேரம் பேசினார்.

"ரெபேக்கா, நான் இந்த வாரியத்துலே இத்தனை வருஷமா இருக்கேனே, ஒரு காரியத்தையாவது சுலபமாப் பண்ணினேன்னு யாராவது சொல்ல முடியுமோ? சுலபமாப் பண்ணிட்டா அப்புறம் அதுக்கு ஆபீஸ் எதுக்கு? கை மூலைக்குப் போகணும், பொத்தானைத் தேடணும், திரும்பி வரணும். அந்தப் போயிட்டு வர நேரத்துலதான் மனுஷன் யோசிக்கறான். நான் அப்படி யோசிச்சு யோசிச்சுத்தான் எதையும் பண்ணாம இந்த நிலைக்கு வந்திருக்கேன். நீ என்னடான்னா கையை அசைக்காமலே மேலே போறே! நாங்கள்லாம் மேலே வரதுக்கு எத்தனை பேர் காலைப் பிடிச்சோம், எத்தனை பேர் காலை வாரினோம்னு உனக்குத் தெரியுமோ?" என்றவர் கொஞ்சம் நிறுத்தி, சாவந்தைப் பார்த்து, "கடைசி வாக்கியம் ரெக்கார்டுக்கு வேண்டாம்" என்றார்.

இயக்குநர் தாம்லே ஆங்கிலத்தில் சுருக்கமாகப் பேசினார். கீழே போகிற பொத்தானை யார் எங்கே வைத்துக்கொண்டாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். இடது, வலது இரண்டும் மற்ற இலாகாக்களின் சமாச்சாரம். மேலே போவது மட்டும் நுட்பமான விஷயம், அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது இயக்குநருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும் என்றார்.

"சார், கை வலிக்கி சார். அதுக்காவத்தான்" என்று ரெபேக்கா மணிக்கட்டைக் காட்டினாள்.

மூவரும் அந்தக் கையை மரியாதையாகப் பார்த்தார்கள். சாவந்த் பதிவேட்டைப் புரட்டினார். கை வாரியத்தின் சொத்து அல்ல, ஆகவே குறிப்பில் சேர்க்கத் தேவையில்லை என்று முடிவானது.

பிறகு அந்த எட்டு அம்புகளைப் பற்றி விவாதித்தார்கள். கூடுதலாக வந்த நான்கை அழித்தால், அழிக்க அனுமதி கொடுத்தது யார் என்று தணிக்கையில் கேட்பார்கள். விட்டுவைத்தால், வைத்தது யார் என்று கேட்பார்கள். சாவந்த்தான் வழி சொன்னார். எல்லாக் கீபோர்டுகளிலும் அம்புக்குறிகளை முறைப்படி இடமாற்றம் செய்துவிட்டால் கூடுதல் என்ற பேச்சே இல்லை. நான்கு, நான்குதான். மூவர் முகமும் மலர்ந்தது. ஒரு கான்ட்ராக்டரை அமர்த்தினார்கள். அவருடைய ஆள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, ஒவ்வொரு கீபோர்டிலும் ஐ, ஜே, கே, எல் என்ற நான்கு மூடிகளையும் நெம்பி எடுத்து மூலையில் மாட்டினான். மூலையிலிருந்த அம்பு மூடிகளை நடுவில் மாட்டினான். மூடியை மாற்றினால் வேலையும் கூடவே மாறிவிடும் என்பதில் குழுவுக்குச் சந்தேகமே வரவில்லை. வாரியத்தில் அதுதான் நடைமுறை. அறைக்கு வெளியே பெயர்ப்பலகையை மாற்றினால் உள்ளே உட்கார்ந்திருப்பவர் வேறு அதிகாரி ஆகிவிடுகிறார் அல்லவா?

அன்றிலிருந்து ஹாலில் எல்லோரும் கீழே போவதற்கு நடுவிலிருந்த அம்பை அமுக்கினார்கள். கே, கே, கே என்று விழுந்தது. மேலே போக அமுக்கினால் ஐ, ஐ, ஐ. குழாய்க்கு விண்ணப்பித்துச் செத்துப்போனவர்களின் பெயர்களுக்கெல்லாம் வால் முளைத்தது. "யா அல்லாஹ், இவரு பேரு எங்க முடியுதுன்னே தெரியலயே" என்று அஸ்ரின் தலையில் கை வைத்தாள். மாதக் கடைசியில் எத்தனை எழுத்து அடிக்கப்பட்டது என்று கணக்குப் பார்த்தார்கள். வாரியத்தின் சரித்திரத்திலேயே அதிகம். இயக்குநர் தாம்லே எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுத்தார்.

ரெபேக்கா கீபோர்டைப் பார்த்து அடிப்பவள் அல்ல. மூடி எங்கே மாறினாலும் அவள் விரலுக்கு அது தெரியாது. ஆஷிக் கொடுத்த புரோகிராமும் கம்ப்யூட்டருக்குள் தன்பாட்டுக்கு இருந்தது. அவள் அதைச் சொல்லியிருந்தும், உள்ளே போய் அதை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவள் மட்டும் பழையபடி கேப்ஸ் லாக்கைப் பிடித்துக்கொண்டு சுத்தமாக வேலை செய்தாள். ஆகவே ஹாலிலேயே மிகக் குறைவாக எழுத்து அடித்தவள் அவள்தான் என்று கணக்கு சொன்னது. அவள் ஃபைலில் 'நடத்தை சந்தேகத்துக்குரியது' என்பதோடு 'வேலையில் மந்தம்' என்பதும் சேர்ந்தது. மார்ச்சுக்கு மூன்று வாரம் இருந்தது. தாதரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட ஆள் தேடுகிறார்கள் என்று ஜாபெஸ் விசாரித்து வைத்திருந்தான். நாள் முழுக்க நின்றுகொண்டு, வலது கையால் துணிக்கட்டைப் புரட்டுகிற வேலை. முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

அந்த நேரத்தில்தான் டில்லியிலிருந்து ஒரு குழு வந்தது. சிறந்த கணினியேற்றத்துக்கு விருது கொடுக்க வாரியத்தைப் பரிசீலிக்கிறார்களாம். ஹாலில் பெரிய திரை கட்டினார்கள். திரைக்குக் கிட்டத்தில் இருந்தது ரெபேக்காவின் மேஜை என்பதால் அவள் கம்ப்யூட்டரையே இணைத்தார்கள். அவளை எழுப்பிச் சுவரோரம் நிற்கவைத்தார்கள்.

தாம்லே உட்கார்ந்து, அட்டவணையின் அடிப்பகுதியைக் காட்டி விளக்கிவிட்டு, "இப்போது உச்சிக்குப் போவோம்" என்றார். உச்சியில்தான் திட்டத் தலைவர் என்று அவர் பெயர் இருந்தது. மௌஸை நகர்த்தினார். நகரவில்லை. பேட்டரி தீர்ந்திருந்தது. பழைய பேட்டரியைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்று சாவந்த் பின்னாலிருந்து மெல்லச் சொன்னார். தாம்லே நடுவிலிருந்த மேல்நோக்கிய அம்பை அமுக்கினார். திரையில், கரீம் பாட்சா என்ற விண்ணப்பதாரரின் பெயர் இருந்த கட்டத்தில் பெயர் மறைந்து ஐ, ஐ, ஐ என்று ஓடியது. பதறி இன்னும் அழுத்தினார். இன்னும் ஓடியது. டில்லி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரெபேக்கா!" என்றார் பஞ்சாபகேசன். அந்தக் குரலில் முதல்முறையாகக் கெஞ்சல் இருந்தது.

அவள் வந்து நின்றவாக்கிலேயே குனிந்து, கரீம் பாட்சாவுக்கு அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுண்டுவிரலால் கேப்ஸ் லாக்கைப் பிடித்து நடுவிலிருந்த அதே அம்பை ஒரு விரலால் லேசாக அழுத்தினாள். திரை வழுவழுவென்று மேலே ஏறியது. உச்சிக்குப் போய், தாம்லேயின் பெயரில் நின்றது.

"பிரமாதம்" என்றார் டில்லி அதிகாரி. "கையே அசையவில்லையே! இது உங்கள் ஏற்பாடா?"

"ஆமாம்" என்றார் தாம்லே, ஒரு நொடியும் தாமதிக்காமல்.

விருந்தினர்கள் போன பிறகு அதிகாரிகள் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். ரெபேக்காவை அனுப்பிவிட்டால் இனிமேல் மேலே கொண்டுபோவது யார்? ஒவ்வோர் அதிகாரியின் கம்ப்யூட்டரிலும் அந்த ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம். ஆனால் அதிகாரியே சுண்டுவிரலால் ஒரு பொத்தானைப் பிடித்துக்கொண்டிருப்பது பதவிக்கு அழகா? இங்கேதான் பஞ்சாபகேசன் தன் வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனையைச் சொன்னார்.

"லிப்ட்டுலே பொத்தான் இருக்கு. அதுக்காக நாமளே அமுக்கறோமோ? மேலே கீழே போறதுக்கு ஆள் போட்டிருக்கோமோன்னோ? இதுக்கும் போட்டுடுவோம்."

முன்னுதாரணம் இருந்ததால் ஆணை அன்றே வந்தது. 'மேல்-கீழ் நகர்வுப் பொறுப்பாளர்' என்று ஒரு பதவி. ஒப்பந்தம் ஒரு வருடம் நீட்டிக்கப்பட்டது. வருடாவருடம் தேவையைப் பொறுத்து. ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. சாவந்த் தன் வாழ்க்கையில் கேட்காமலே கொடுத்த முதல் பொருள் அதுதான். அச்சு அசல் மரியசூசையின் ஸ்டூல் போலவே இருந்தது.

அதிகாரிகளின் கம்ப்யூட்டர்களிலும் ஆஷிக்கின் புரோகிராமை ரெபேக்காவே ஏற்றிவைத்தாள். அதிலிருந்து அவளுக்கு விண்ணப்பம் ஏற்றும் வேலை இல்லை. அதிகாரிகள் அறையிலிருந்து மணி அடிக்கும். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் போட்டு உட்காருவாள். "ஊப்பர்" என்பார் தாம்லே. மேலே போவாள். "கொஞ்சம் கீழே விடும்மா" என்பார் பஞ்சாபகேசன். கீழே விடுவாள். "பஸ், பஸ்" என்றால் நிறுத்துவாள். ஒருநாளைக்கு நாலைந்து மணி அடித்தால் அதிகம். மற்ற நேரத்தில் லிப்ட் வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மரியசூசையோடு பேசிக்கொண்டிருப்பாள்.

"நான் பாத்தேன் பிள்ள, இந்த ஆபீஸ்ல வேல செஞ்சவனெல்லாம் வெளிய போயிட்டான். அமுக்குனவன் மட்டுந்தான் நிக்கான்" என்பார் மரியசூசை.

மணிக்கட்டு வலி சுத்தமாகப் போய்விட்டது. எதுவும் செய்யாவிட்டால் எந்தக் கைக்கும் வலிக்காது. முதல் மாதம் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அஸ்ரின் வால் முளைத்த பெயர்களோடு போராடுவதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இரண்டாம் மாதம் கூச்சம் குறைந்தது. மழைக்காலம் வந்தபோது, தான் அறைக்குள் இல்லாத நேரம் யாராவது அதிகாரி தானாகவே கேப்ஸ் லாக்கைத் தொட்டுவிடுகிறாரோ என்று அவள் கவனிக்க ஆரம்பித்திருந்தாள். ஒருமுறை தாம்லே தொட்டுவிட்டார். "சார், ஆப் க்யோங் தக்லீஃப் லேத்தே ஹைங்" என்று, உங்களுக்கு ஏன் சிரமம் என்கிற மாதிரி மரியாதையாகச் சொல்லி, அவர் விரலை எடுக்கவைத்தாள்.

செப்டம்பரில் டில்லி விருது கிடைத்தது. கூடவே உபகரணங்களைப் புதுப்பிக்க ஓர் உத்தரவும் வந்தது. சாவந்த் முதுகுக்குப் பின்னால் அத்தனை காலம் உறைக்குள் கிடந்த கீபோர்டுகளை, பெற்ற பெண்ணை அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுத்தார். ஹால் முழுவதும், அதிகாரிகள் அறை முழுவதும் புதுக் கீபோர்டு. ரெபேக்கா போகிற போக்கில் ஒன்றின் மூலையில் விரலை வைத்துப் பார்த்தாள். மேலே போகும் பொத்தான் பஞ்சுபோல இறங்கியது, தொட்ட மாத்திரத்தில் வேலை செய்தது. இதற்குச் சுண்டுவிரலும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம். விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள். மார்ச் வந்தால் 'தேவையைப் பொறுத்து' என்ற வரியை யாராவது படிப்பார்கள். அந்த வாரம் முழுவதும் மணி ஒரே ஒரு முறைதான் அடித்தது. அதுவும் டீ சொல்வதற்கு.

தசராவுக்கு இரண்டு நாள் முன்னால் பஞ்சாபகேசன் அவளைக் கூப்பிட்டார். மாட்டுங்காவிலிருந்து வாங்கிவந்த சந்தனமும் குங்குமமும் மேஜைமேல் இருந்தன. வாளியும் இருந்தது.

"உட்காரு ரெபேக்கா. போன தடவை பூஜைக்கு அப்புறம்தான் பொத்தானெல்லாம் கெட்டுப்போச்சுன்னு யாரோ டில்லிக்கு மொட்டைக் கடுதாசி போட்டிருக்கா. அபாண்டம். இருந்தாலும், புதுக் கீபோர்டு பாரு. இந்த வருஷம் பூவை மட்டும் போட்டு நிறுத்திக்கலாமோன்னு டைரக்டர் கேக்கறார். மேல்-கீழ் விஷயத்துலே நீதானே பொறுப்பாளர். நீ என்ன சொல்றே?"

ரெபேக்கா ஜன்னல் வழியாக ஹாலைப் பார்த்தாள். அஸ்ரின் புதுக் கீபோர்டில் வேகமாக அடித்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. கரீம் பாட்சாக்கள் எல்லோரும் வாலில்லாமல் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள். பூ மட்டும் போதும் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஹால் மூலையில், லிப்ட் வாசலில், மரியசூசையின் ஸ்டூலுக்கு ஜோடியாக அவள் ஸ்டூல் கிடந்தது. ஜாபெஸுக்கு இன்னும் வேலை அமையவில்லை.

"பூஜையில கொற வைக்கக் கூடாது சார். நல்லாப் போடுங்க" என்றாள்.

"அதானே!" என்று பஞ்சாபகேசன் குளிர்ந்துபோய், பன்னீர் பாட்டிலைத் திறந்தார்.

ரெபேக்கா கதவுவரை போய்விட்டுத் திரும்பினாள்.

"இந்தத் தடவ கொஞ்சம் தண்ணியாக் கரைங்க சார். போன வருசம் கெட்டியா இருந்திச்சு. சில பொத்தானுக்கு அடியில சந்தனம் ஒழுங்கா எறங்கல."